பொன்னாடைத் தட்டோடு மேடையேறிய ரெஜினா

ரெஜினா கொடைக்கானலில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்து ஹாஸ்டல் வார்டன். மியான்மரிலிருந்து வந்து படித்த சூ மியாத்தை வளர்த்தவள் அவள்தான். சூவுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தவள். படிப்பு முடிந்து ஊர் திரும்பிய சூ, அங்கே வக்கீலானாள். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும், "நாங்கள் ஓட்டுப் போட்டவர்களிடம் நாட்டைக் கொடு" என்று தெருவில் நின்றாள். பிடித்து உள்ளே போட்டார்கள்.

சேதி கேட்டதும் ரெஜினா முதல்வர் ராபினிடம் போனாள்.

"சார், நம்ம பிள்ளை. ஸ்கூல் பேர்ல ஒரு கண்டனம் போடுங்க. வெளிய நாலு பேர் பேசினாத்தான் உள்ள அடிக்கப் பயப்படுவானுங்க."

"பாலிடிக்ஸ் நமக்கெதுக்கு மிஸ்? ஜெபம் பண்ணுவோம்."

பண்ணினார்கள். "உலக சமாதானத்துக்காக." சூ மியாத் என்று பேர் சொல்ல ராபினுக்கு வாய் கூசியது. தினமும் காலையில் பிள்ளைகளுக்குச் சத்தியம், தைரியம் என்று போதிக்கிற அதே வாய்.

காரணம் வெரசாவே தெரிந்தது. பள்ளிக்குப் புது விளையாட்டு அரங்கம் கட்டித் தந்தவன் டிக்சன். சூவோடு ஒரே வகுப்பில் படித்தவன். அந்த ஜெனரல்களிடம் தேக்கு வாங்கி விற்றே கொழுத்தவன். பழைய மாணவர் விழாவில் அவனுக்குப் பொன்னாடை. தட்டு ஏந்துகிற சோலி ரெஜினாவுக்கு.

மேடையேறியவள் தட்டை நீட்டவில்லை. மைக் முன்னால் நின்று கேட்டாள்: "டிக்சன், சூ மியாத் ஜெயில்ல கெடக்கா. உன் ஜெனரல்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"யாரு மிஸ்? ஞாபகம் இல்லையே."

"கணக்குல நீ பாஸானதே அவ சொல்லிக்குடுத்துத்தான்டா."

தட்டைத் தரையில் வைத்துவிட்டு இறங்கினாள். எதிரே டாக்டர்களும் மேனேஜர்களும் செல்போனுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். கைதட்டச் சொன்னதும் தட்டினார்கள், டிக்சனுக்கு.

வேலை போயிற்று. வட்டக்கானலில் சுற்றுலாக்காரர்கள் தங்குகிற வீடொன்றில் படுக்கை விரிக்கப் போனாள். வந்த வெளிநாட்டுக்காரர்களிடமெல்லாம், "உங்க எம்.பி.க்கு இந்தப் பொண்ணைப் பத்தி எழுதுங்க" என்று கேட்டாள். பெரும்பாலானோர் உச்சுக் கொட்டிவிட்டுப் பனிமூட்டத்தைப் படமெடுக்கப் போனார்கள். சிலர் எழுதினார்கள். ஜெர்மன்காரி ஒருத்தியின் முயற்சியில் அந்த நாட்டு எம்.பி. ஒருவர் விசாரித்தார். அதற்குப் பிறகுதான் சிறையில் சூவைப் பார்க்க அவள் அம்மாவை விட்டார்கள்.

போன வருஷம் பொதுமன்னிப்பில் சூ வெளியே வந்தாள். ஒரு காது கேட்கவில்லை. உடனே பள்ளியின் ஃபேஸ்புக்கில் அவள் படம்: "எங்கள் வீரமங்கை." ராபின் வெட்கமே இல்லாமல் ரெஜினாவுக்குப் போன் செய்தார்.

"பாராட்டு விழா வைக்கிறோம் மிஸ். நீங்க சொன்னா சூ வீடியோல பேசுவா."

"பேசுவா சார். ஜெயில்ல அவகூட இருந்த பிள்ளைங்க இன்னும் உள்ளதான் இருக்காங்க. அவங்க பேரையும் மேடையில வாசிக்கணும்னு சொல்வா. வாசிப்பீங்களா?"

ராபின் தொண்டையைச் செருமினார். "கமிட்டில கேட்டுச் சொல்றேன்."

விழா நடக்கவில்லை. ஃபேஸ்புக்கிலிருந்த படமும் காணாமல் போயிற்று. இப்போது வட்டக்கானலில் தங்க வருகிறவர்களிடம் ரெஜினா அந்த மற்ற பிள்ளைகளுக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.