மறைக்க வேண்டிய சொற்கள்

தம்பி இறந்த மூன்றாம் நாள் அந்த வீடியோ என் போனுக்கு வந்தது. அலுவலக வாட்ஸாப் குழுவில், அவன் என் தம்பி என்று தெரியாத ஒருவர் போட்டிருந்தார். மேடவாக்கம் சாலையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கும் பைக், சுற்றி நிற்கிறவர்களின் கால்கள், நடுவில் நான் வாங்கிக் கொடுத்த நீலச் சட்டை. யாரோ நிதானமாக நின்று எடுத்திருந்தார்கள். ஹெல்மெட் போடுவதைப் பற்றி ஒரு குரல் அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தது.

அப்பா இதைப் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு முடிச்சூர் வீட்டில் அவரும் தம்பியும் மட்டும்தான் இருந்தார்கள். அவர் கையில் இருப்பது பட்டன் போன். ஆனால் காலையில் பேப்பர் படித்து முடித்ததும் தம்பியின் பழைய கம்ப்யூட்டரைத் திறந்து முகநூலில் ஒரு மணி நேரம் உட்காருவார். கூட வேலை பார்த்தவர்களில் யாராவது ஒருவர் பகிர்ந்தால் போதும்.

பகிர்ந்திருந்தவர்களுக்கு எழுதிக் கெஞ்சினேன். சிலர் நீக்கினார்கள். விழிப்புணர்வுக்காகத்தான் போட்டோம் என்றார்கள் சிலர். நான் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். புரோகிராம் எழுதுவது என் வேலை இல்லை, ஆனாலும் கொஞ்சம் தெரியும். காரியம் முடிவதற்குள் இரண்டு நாள் உட்கார்ந்து, பிரௌசரில் சேர்த்துக்கொள்கிற சின்ன எக்ஸ்டென்ஷன் ஒன்றை எழுதிவிட்டேன். அதில் ஒரு சொற்பட்டியல் இருந்தது. அந்தச் சொற்களில் ஒன்று இருந்தாலும் அந்தப் பதிவு திரையில் வராது. விபத்து, பைக், லாரி, மேடவாக்கம். கடைசியாகத் தம்பியின் பெயர், தமிழில் ஒரு விதமாகவும் ஆங்கிலத்தில் நான்கு விதமாகவும். அதைத் தட்டும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. மணிச் சின்னத்தில் வருகிற அறிவிப்புகளையும் மறைத்தேன். கம்ப்யூட்டர் ஸ்லோவாக இருக்கிறது, சரி செய்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, நான் தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு நானும் முகநூலை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

முதல் வருடத் திதி முடிந்த மறுநாள் காலை, அப்பா கம்ப்யூட்டர் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தராவது அவனைப் பத்தி எழுதுவாங்கன்னு பார்த்தேன்மா. அவ்ளோ ஃப்ரெண்ட்ஸ் இருந்தாங்களே."

பிறகு, அன்றைக்குத் தம்பியைப் பின்னால் உட்கார வைத்து வண்டி ஓட்டியவன்கூட ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை என்றார். அவன் தம்பியோடு கல்லூரியில் படித்தவன். தாம்பரம் மார்க்கெட்டில் அவன் அப்பாவுக்குப் பேக் கடை. வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என் அப்பாவை அப்பா என்றுதான் கூப்பிடுவான். விபத்தில் அவன் கால் உடைந்தது. சாவுக்கும் வரவில்லை, பிறகும் வரவில்லை. மனதுக்குள் நானும் அவனைத் திட்டியிருக்கிறேன்.

அப்பா குளிக்கப் போனதும் எக்ஸ்டென்ஷனை நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திறந்தேன். அப்பாவின் பக்கத்தில் ஒரு வருடப் பதிவுகள் கிடந்தன. பழைய படங்கள், தம்பியின் பெயரைச் சொல்லி அழுத நண்பர்கள், நேற்று திதிக்கு எழுதியவர்கள். அவற்றுக்கு நடுவே வண்டி ஓட்டியவன் எழுதியவை மட்டும் பதினோரு பதிவுகள். ஒவ்வொன்றிலும் தம்பியின் பெயரையும் டேக் செய்திருந்தான். முதலாவது ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எழுதியது. கால் ஆபரேஷன் ஆனதால் வர முடியவில்லை, மன்னித்துவிடுங்கள் என்று இருந்தது. கடைசியை எழுதி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"நீங்க பேச மாட்டீங்கன்னு புரிஞ்சிடுச்சுப்பா. இனிமே எழுதி தொந்தரவு பண்ண மாட்டேன்."

அப்பா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகப் படித்தார். சோறு ஆறிப்போனது. வீடியோவைப் பற்றி நான் சொன்னபோது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வீடியோவ மறைச்சது சரி. அவனை ஏம்மா மறைச்ச?"

தம்பியைச் சொல்கிறாரா, வண்டி ஓட்டியவனைச் சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை.

அன்று மாலைக்குள் ஒவ்வொருவருக்கும் ஒற்றை விரலால் தட்டிப் பதில் எழுதினார், தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று தொடங்கி. பேக் கடைக்கு மட்டும் நேரிலேயே போனார். அவனை ஆம்பூரில் மாமா கடைக்கு அனுப்பிவிட்டதாக அவன் அப்பா சொன்னாராம். இங்கே அந்த ரோட்டில் போக மாட்டேன் என்று வீட்டிலேயே கிடந்தானாம்.

இரண்டு வாரம் கழித்து அவன் வந்தான். நடையில் இன்னும் சாய்வு இருந்தது. வாசலிலேயே நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"போன் பண்ண தைரியம் வரலைக்கா. அதான் எழுதினேன்," என்றான்.

அப்பா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அன்றைக்கு என்ன பேசிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார். ஒரு வருடமாக அவருக்கு அதைக் கேட்க ஆள் இல்லை.

"கேம்ப் ரோட்ல டீ குடிக்கலாமான்னு கேட்டேன்பா. வேணாம்டா, வீட்ல அப்பா போட்டிருப்பாருன்னான்."

அப்பா தலையை ஆட்டினார்.

"போட்டிருந்தேன்," என்றார்.

அவன் மறுநாளே ஆம்பூர் திரும்பிவிட்டான். அதன் பிறகு வரவில்லை. அப்பா போன் செய்தால் சில நாள் எடுக்கிறான், சில நாள் எடுப்பதில்லை. எக்ஸ்டென்ஷனை அழித்துவிட்டேன். அந்த வீடியோ இன்னும் எங்காவது இருக்கும். அப்பா பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு வருடத்தைப் பற்றி அவரும் அதற்குமேல் என்னை ஒன்றும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.