மூன்று ஸ்டூலும் ஓர் ஓ.டி.பி.யும்

காரிமங்கலம் கடைத்தெருவில் உள்ள ஒரு துணிக்கடையில், கல்லாவுக்கு நேர் மேலே பதிவுச் சான்றிதழ் ஒன்று மரச்சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. அதன்படி இக்கடையின் தனி உரிமையாளர் நிர்மலாதேவி. கடன் கொடுத்த வங்கியின் கோப்பில் அவர் "பெண் தொழில்முனைவோர், தொழிலின் முழுக் கட்டுப்பாடும் விண்ணப்பதாரரிடமே உள்ளது". கடைகளுக்கான சட்டத்தின் கண்ணில் அவர் "வேலையளிப்பவர்".

முழுக் கட்டுப்பாடும் கையில் உள்ள இந்தத் தொழில்முனைவோர் காலை ஒன்பதரைக்கு வந்து வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுப் புடவைப் பிரிவில் போய் நின்றால், கடை சாத்தும்வரை நின்றுகொண்டே இருப்பார். பக்கத்தில் கலைச்செல்வி நிற்பார். குழந்தைகள் துணியில் பழனியம்மாள் நிற்பார். ஜாக்கெட் துணியில் சுசித்ரா நிற்பாள். உட்கார்ந்திருப்பவர் ஒருவரே: கல்லாவில், நிர்மலாதேவியின் கணவர் மாதேஸ்வரன். சாவிக்கொத்து, செக் புத்தகம், "முதலாளி" என்ற அழைப்பு மூன்றும் அவரிடம்தான். நிர்மலாதேவியை எல்லோரும் "முதலாளியம்மா" என்பார்கள். முதலாளியின் வீட்டம்மா என்று அதற்குப் பொருள்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்பு பெண் பெயரில் கடன் வாங்கினால் வட்டி குறைவு என்று யாரோ சொன்னதன் விளைவு இது. கடை மனைவி பெயரில் பதிவானது. அப்படியானால் மாதேஸ்வரன் யார் என்று விண்ணப்பத்தில் ஒரு கட்டம் கேட்டது. கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்பதால் "மேலாளர்" என்று எழுதினார்கள். காகிதப்படி அவர் மனைவியிடம் வேலை பார்ப்பவர். இதை அவர் இத்தனை வருடமாக ஒரு நல்ல நகைச்சுவையாகவே ரசித்துவருகிறார்.

வரிப் பதிவு செய்த அன்றைக்கு மாதேஸ்வரனின் போனில் சார்ஜ் இல்லை. அதனால் நிர்மலாதேவியின் எண்ணைக் கொடுத்தார்கள். அதிலிருந்து மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்யும்போது அந்த ஆறு இலக்க ஓ.டி.பி. அவருடைய போனுக்குத்தான் வரும். கணக்கு எழுதும் சின்னராஜ் கேட்பார், மாதேஸ்வரன் திரும்பிப் பார்ப்பார், நிர்மலாதேவி சொல்வார். உரிமையாளர் என்ற முறையில் அவருக்கு இருந்த கடமை இது ஒன்றே. அதில் ஒருநாளும் தவறியதில்லை.

சின்னராஜ் தருமபுரியில் அலுவலகம் வைத்து நாற்பது ஐம்பது கடைகளுக்குக் கணக்கு எழுதுபவர். படித்தது பி.காம். ஊர் கொடுத்த பட்டம் ஆடிட்டர். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்து, மாறுகிற வரியையும் சட்டத்தையும் கடைக்காரர்களுக்கு விடாமல் அனுப்புவார். அவர்களும் விடாமல் கும்பிடும் கை ஒன்றைப் பதிலாக அனுப்புவார்கள். படிப்பதற்கும் கும்பிடுவதற்கும் சம்பந்தமில்லை என்பது கோயிலிலும் தெரிந்த விஷயம்தானே. நிர்மலாதேவி படிப்பார். கூட்டமில்லாத மதியத்தில் நின்றுகொண்டிருப்பவருக்கு வேறென்ன வேலை? இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரையான உடுப்புகளுக்கு வரி ஐந்து சதவீதம் என்று மாறிய செய்தியை அவர்தான் உரக்கப் படித்தார். மாதேஸ்வரன் இரண்டே நாளில் விலைச்சீட்டை எல்லாம் மாற்றி ஒட்டினார். வரி விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு செய்தியும் அதே குரூப்பில்தான் வந்தது. கடைகளில் வேலை பார்ப்பவர்கள் நாள் முழுக்க நின்றபடி இருக்கக்கூடாது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்காரும்படி எல்லோருக்கும் இருக்கை போட வேண்டும். இது தமிழ்நாட்டில் 2021 முதல் சட்டம். முதல் தடவை இது வந்தபோதே நிர்மலாதேவி கணவரிடம் காட்டினார். அவரும் தட்டவில்லை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வாசல் பக்கம் போட்டார். புடவை எடுக்க வந்த பெண்களின் வீட்டுக்காரர்கள் அதில் உட்கார்ந்தார்கள். இன்றும் உட்கார்ந்திருக்கிறார்கள். சட்டம் நினைத்தது ஒருவரை, நாற்காலி நினைத்தது இன்னொருவரை.

இப்படியே போயிருக்கும். மார்கழிக் கடைசியில், பொங்கல் கூட்டத்துக்கு நடுவே சற்று ஓய்ந்த ஒரு மதியத்தில், கலைச்செல்வி புடவை மடித்துக்கொண்டே சொன்னார்.

"அக்கா, இந்தத் தை மாசத்தோட நான் நின்னுக்கறேங்க்கா."

"என்னா புள்ள சொல்ற?"

"நின்னு நின்னு முடியலக்கா. அதான் நின்னுக்கறேன்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு புடவையைக் கணுக்காலுக்கு மேலே லேசாகத் தூக்கிக் காட்டினார். நீல நரம்புகள் சுருண்டு புடைத்திருந்தன. "தருமபுரி டாக்டரு, ஒரே எடத்துல நிக்காதம்மாங்கறாரு. நான் என்னா பண்ண? பஸ்ல வந்தாலும் நிக்கறேன், எறங்கி வந்தாலும் நிக்கறேன். கிருஷ்ணகிரி ரோட்டுல தையக் கம்பெனியில ஆளு கேக்கறாங்களாம். உக்காந்து பாக்கற வேலை."

பதினான்கு வருடமாக ஒரே மேசைக்குப் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் அவர்கள் இருவரும். எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு எந்தக் கலர் போனது என்பது கலைச்செல்விக்கு மனப்பாடம். கடைக்கு அவர் போனால் நஷ்டம். ஆனால் நிர்மலாதேவி அன்று மடித்த புடவையையே மறுபடி மறுபடி மடித்ததற்கு அது காரணமில்லை. இனி யாரோடு நிற்பது என்பதுதான் காரணம்.

மறுநாள் கணவரிடம் ஸ்டூல் பேச்சை எடுத்தார்.

"இந்தத் தெருவுல எவனாச்சும் போட்டிருக்கானா?" என்றார் மாதேஸ்வரன். "வர்றவங்க பாத்தா, இந்தக் கடையில ஈ ஓட்டறாங்கன்னு நெனைப்பாங்க. ஆளு உக்காந்தா யாவாரம் படுத்துரும்."

"நின்னா மட்டும்? நின்னு போயிராதாங்கண்ணா?" என்றார் கலைச்செல்வி, மடிப்பிலிருந்து தலையைத் தூக்காமல். சுசித்ரா ஜாக்கெட் துணிக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

தமிழில் வியாபாரம் நடக்கும், ஓடும், நிற்கும், படுக்கும். உட்கார்ந்தபடியும் அது நடக்கக்கூடும் என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. பத்தொன்பது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்தே அதை நடத்தியவருக்கும் தோன்றவில்லை.

"அப்படியே போட்டாலும், மேசை ஒசரத்துக்கு ஸ்டூலு பத்தாது. உக்காந்தா தலையே தெரியாது. கடையில ஆளில்லைன்னு போயிருவாங்க" என்று பேச்சை முடித்தார் மாதேஸ்வரன்.

இதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்த இடத்தில் நிர்மலாதேவி வாதாட மாட்டார். கடையின் டேப்பை எடுத்து மேசையை அளந்தார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் வெல்டிங் பட்டறைக்குப் போய், குப்புராஜிடம் இருபத்தாறு அங்குல உயரத்தில், கால் வைத்துக்கொள்ளக் குறுக்குக் கம்பியோடு, மூன்று இரும்பு ஸ்டூல் செய்யச் சொன்னார். மேலே பஞ்சு வைத்து ரெக்ஸின் போடவும் சொன்னார்.

"அண்ணங்கிட்ட சொல்லிட்டீங்களாக்கா?" என்று கேட்டான் குப்புராஜ்.

"நீ செஞ்சு வையிப்பா. சொல்ற அன்னிக்குக் கொண்டா."

தை ஆறாம் தேதி. இங்கிலீஷுக்கு இருபது. முந்தின மாதக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். காலை பதினொரு மணிக்குச் சின்னராஜ் கூப்பிட்டார். மாதேஸ்வரன் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, அக்கா நெம்பருக்கு ஓ.டி.பி. போட்டிருக்கேன். சீக்கிரம் சொல்லச் சொல்லுங்க. இப்பத்தான் சைட்டே தொறந்துச்சு."

"நிர்மலா, வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"சொல்லு."

"ஸ்டூல் வந்ததும் சொல்றேன்."

கடையில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. பழனியம்மாள் ஒரு குட்டி கவுனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னா ஸ்டூலு?"

"குப்புராஜ் பட்டறையில மூணு செஞ்சு வெச்சிருக்கான். நீங்க ஒரு போன் போட்டா எடுத்துக்கிட்டு வந்துருவான்."

"யாரக் கேட்டுச் செய்யச் சொன்ன?"

நிர்மலாதேவி கணவரின் தலைக்கு மேலே, மரச்சட்டத்துக்குள் இருந்த சான்றிதழைப் பார்த்தார். கலைச்செல்வியும் பார்த்தார். சுசித்ராவும் பார்த்தாள். மாதேஸ்வரன் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவருக்கும் தெரியும்.

"அண்ணா, நான் லைன்லதான் இருக்கேன்" என்றது போன். "அந்த நெம்பருக்குப் பத்து நிமிஷந்தான் உசுரு."

"ஏம்ப்பா சின்னராஜ், இந்த ஓ.டி.பி.ய எம் போனுக்கு மாத்திக்குடுக்க முடியுமா?"

"தாராளமா மாத்தலாங்கண்ணா. அதுக்கும் அக்கா நெம்பருக்குத்தான் ஓ.டி.பி. வரும்."

பழனியம்மாள் கவுனைக் கீழே வைத்துவிட்டார்.

முதல் ஓ.டி.பி. தன் பத்து நிமிடத்தை வாழ்ந்து முடித்தது. நிர்மலாதேவி அதற்குள் நான்கு புடவை மடித்திருந்தார். சின்னராஜ் மறுபடி கூப்பிட்டு, இன்றைக்குத் தாண்டினால் நாளைக்குத் தண்டம் என்பதை நினைவுபடுத்தினார்.

"அது கெடக்கட்டும். இந்த ஸ்டூல் சட்டம்னு சொல்றாளே, அது நெசமாவே இருக்குதா?"

"நாலு வருசத்துக்கு மேல இருக்குதுங்கண்ணா. நானே மூணு தடவ குரூப்புல போட்டேன். நீங்க மூணு தடவயும் கும்புடு போட்டீங்க."

மாதேஸ்வரன் கல்லாப்பெட்டியை ஒரு தடவை திறந்து மூடினார். அவர் கெட்டவர் இல்லை. கோபம் வந்தால் வாய்விட்டுச் சிரித்துவிடுகிற ஆள். அன்றும் அதுதான் நடந்தது. சிரித்தபடியே குப்புராஜுக்குப் போன் போட்டு, "கொண்டாடா அத" என்றார்.

கால் மணி நேரத்தில் குப்புராஜ் டி.வி.எஸ். மொபெட்டில் மூன்று ஸ்டூலையும் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்தான். ஒன்று புடவைப் பிரிவுக்கு, ஒன்று குழந்தைகள் துணிக்கு, ஒன்று ஜாக்கெட்டுக்கு. பழனியம்மாளும் சுசித்ராவும் உட்கார்ந்தார்கள். கலைச்செல்வியும் உட்கார்ந்தார். குறுக்குக் கம்பியில் காலை வைத்தார். மேசைக்கு மேலே தலை மட்டுமல்ல, தோளும் தெரிந்தது. நிர்மலாதேவி தெருவில் இறங்கி நின்று பார்த்து உறுதி செய்துகொண்டு, உள்ளே வந்து, புதிதாக வந்திருந்த ஆறு எண்களையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். கணக்கு தாக்கலானது.

"எல்லாத்துக்கும் போட்டாச்சு. எனக்கு எங்க?" என்றார் மாதேஸ்வரன்.

"உங்களுக்குத்தான் பத்தொம்போது வருசத்துக்கு முன்னாலயே போட்டாச்சே."

யோசித்துப் பார்த்தால் அதுவும் சரிதான். காகிதப்படி மேலாளரான அவர் ஒருவர் விஷயத்தில், சட்டம் பிறப்பதற்கு முன்பே இந்தக் கடை அதைக் கடைப்பிடித்துவந்திருக்கிறது.

வியாபாரம் படுக்கவில்லை. நிற்கவுமில்லை. முன்பு எப்படி நடந்ததோ அப்படியே நடக்கிறது. ஆள் வந்தால் எழுந்து நிற்கிறார்கள், போனால் உட்காருகிறார்கள். இதற்கா இத்தனை வருடம் என்று யாரும் கேட்கவில்லை. "நின்னுக்கறேன்னு சொன்னேன்ல, அது வாபஸ்க்கா. உக்காந்துக்கறேன்" என்று கலைச்செல்வி சொல்லிவிட்டார். மாதேஸ்வரன் பக்கத்துக் கடைக்காரரிடம், "நம்ம கடையில எல்லாமே ரூல்ஸ்படிதாம்ப்பா. நீங்கதான் குரூப்பப் படிக்க மாட்டேங்கறீங்க" என்று சொல்லிவருவதாகக் கேள்வி.

ஒரு சின்னக் குறை உண்டு. சட்டம் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் இருக்கை போடச் சொல்கிறது. வேலையளிப்பவர் எங்கே உட்காருவார் என்பதை அது கவனிக்கவில்லை. அவர் எப்படியும் உட்கார்ந்துதான் இருப்பார் என்று நினைத்திருக்கும். ஆக, இந்தக் கடையில் இருக்கை இல்லாத ஒரே ஆள் இதன் உரிமையாளர். கலைச்செல்வி சாப்பிடப் போகும் நேரத்தில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து குரூப்பைப் படிக்கிறார். மற்ற நேரத்தில் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். நான்காவது ஸ்டூல் செய்து தரட்டுமா என்று குப்புராஜ் கேட்டதற்கு, "இருக்கட்டும்ப்பா, பழகிப்போச்சு" என்றாராம்.

வங்கிக் கோப்பில் இன்னமும் "முழுக் கட்டுப்பாடும்" என்றுதான் இருக்கிறது. பத்தொன்பது வருடத்தில் அந்தக் கட்டுப்பாட்டை நிர்மலாதேவி பயன்படுத்தியது ஒரே ஒரு தடவை. மூன்று ஸ்டூல் செய்யச் சொன்னார். அவை வந்து, மூன்று பேரும் உட்காரும்வரை ஓ.டி.பி. சொல்லவில்லை.