பூட்டுப் போட்ட பெட்டி

நாகர்கோவிலில் ஒரு காப்பிக்கடைக் கவுண்டரில், முட்டுவலியோடு நின்ற எனக்கு, அங்கே வேலை பார்க்கும் செல்வி என்ற பெண் முக்காலி எடுத்துப் போட்டாள். பக்கத்தில் இருந்த பூட்டுப் பெட்டியைக் கோவில் உண்டியல் என்று நினைத்து, அவள் கையிலேயே இருபது ரூபாயை வைத்து மூடினேன்.

பாத்திரம் கழுவுகிறவள் பார்த்துவிட்டாள். "ஏட்டி, எல்லாருக்கும் பங்குள்ள காச நீ மட்டும் மடியில கெட்டுதியா?"

டிப்ஸைப் பெட்டியில்தான் போட வேண்டும் என்று அதில் எழுதியிருந்ததாம். முதலாளி, செல்வியை நாளை முதல் வர வேண்டாம் என்றார்.

நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன் என்பது என் மருமக்களுக்கே தெரியாது. அன்று கடை நிறைய ஆள் நிற்கும்போதே அதைச் சொன்னேன்: "அவமேல குத்தமில்ல மக்கா. எனக்குத்தான் வாசிக்கத் தெரியல்ல."

செல்வியின் வேலை நிலைத்தது. இப்போதெல்லாம், பின்னால் எத்தனை பேர் அவசரப்பட்டாலும், எழுதியிருப்பதைக் கூட்டி வாசித்த பிறகே காசை எடுக்கிறேன்.