சந்தனம் பூசிய நாலு வரி

இன்று என் தம்பிக்கு முதல் வருடத் திதி. பூஜை முடித்த கையோடு கைப்பேசியை எடுத்தால், கலசப்பாக்கத்துச் சித்தப்பா மகன் குடும்பக் குழுவில் ஓர் இந்திக் கவிதை போட்டிருக்கிறான். பனித்துளி சொட்டும் ரோஜா, பக்கத்தில் மெழுகுவத்தி, கீழே தமிழில் அர்த்தம். வாழ்க்கை, இழப்பு, நம்பிக்கை எல்லாம் ஒரே தட்டில். போன வாரம் என் பேத்தியின் பிறந்தநாளுக்கும் இதே ரோஜாதான். மெழுகுவத்தி மட்டும் புதுசு. அதற்குள் பதினோரு பேர் 'ஆகா, என்ன தத்துவம்' என்று கைகூப்பிவிட்டார்கள். படித்திருந்தால்தானே! என் விரலில் இருந்த குங்குமம் திரையில் ஒட்டிக்கொண்டது. முந்தானையால் துடைத்தேன். எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பளபளவென்று அப்படியே இருக்கிறது.

குங்குமம் பட்டால் அழிகிற இந்திக் கவிதையும் ஒன்று இருந்தது. அழித்தவள் நான்தான்.

தம்பி பட்டாளத்தில் சேர்ந்த மூன்றாம் வருடம், கடிதத்தோடு தனியாக ஒரு தாள் வந்தது. இங்க் பேனாவில் நாலு வரி, தலைக்கு மேல் கோடு இழுத்த எழுத்து. 'பத்திரமாக வை அக்கா, லீவில் வந்து சொல்கிறேன்' என்று மட்டும் எழுதியிருந்தான். எட்டாவது வரை படித்த எனக்கு, அந்த எழுத்து கண்ணில் பட்டதெல்லாம் சாமி படங்களின் ஓரத்தில்தான். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அமாவாசைதோறும் அடிவாரத்திலிருந்து எங்கள் ஜவ்வாது மலைக்கு ஒரு ஜோசியர் ஏறி வருவார். அவரிடம் காட்டினேன். தெரியாது என்ற ஒரு சொல் மட்டும் அந்த மனிதர் வாயில் வரவே வராது. கண்ணை மூடித் திறந்து, "தேவி மந்திரம்மா இது. தெனம் சந்தனம் குங்குமம் வெச்சி கற்பூரம் காட்டுங்க. தம்பி மேல ஒரு குண்டு படாது" என்றார். ஒரு படி சாமை அரிசியும் வாங்கிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் மட்டும், "இன்னா எழுதியிருக்குதுன்னே தெரியாம கும்பிட்றியே" என்றார்.

"ஒனக்குத் தெரிஞ்சா நீ படி" என்று வாயை அடைத்தேன். தம்பி எல்லையில் நிற்கும்போது எனக்கு எதற்கு அர்த்தம்? ஒரு நாள் விடாமல் பன்னீரில் சந்தனம் குழைத்துப் பூசினேன். என் பக்தியை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருடம் லீவில் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, அந்தத் தாளு எங்க?"

"சாமிகிட்ட இருக்குது, பாரு."

எடுத்தான். மஞ்சளாய், சிவப்பாய், கற்பூரக் கரி படிந்து, பழந்துணி மாதிரி இருந்தது. ஓர் எழுத்து இல்லை.

"இன்னாக்கா பண்ணி வெச்சிருக்க?"

"ஒரு நாள் தவறாம கும்பிட்டேன்டா. நீ நல்லபடியா வந்துட்ட இல்ல?"

"நான் வந்துட்டேன். எழுதுனவன் வரல."

எழுதியவர் அவனோடு காவல் நின்ற பீகார்க்காரர். சொந்தமாகக் கட்டிய கவிதையாம். "இங்க இருந்தா பனியில நனஞ்சிடும், ஒங்க வூட்டுக்கு அனுப்பி வை" என்று கொடுத்தாராம். இரண்டு மாதத்தில் பனிச்சரிவு அவரை மூடிவிட்டது. நனையக் கூடாதென்று வந்த தாளைத்தான் நான் தினமும் நனைத்திருக்கிறேன்.

முதல் இரண்டு வரி தம்பிக்கு மனப்பாடம். இந்தியில் சொல்லி, தமிழிலும் சொன்னான்: 'நான் நடந்து வந்த தடத்தைப் பனி மூடிவிட்டது. எனக்கு முன்னால் போனவர்களின் தடத்தையும் மூடிவிட்டது.'

"அப்புறம்?"

"ஆனாலும்னு ஆரம்பிக்கும். அதுக்கு மேல ஞாபகம் இல்லக்கா."

ஜோசியரைப் பிடித்துக் கேட்டேன். "தம்பி உசுரோட வந்துட்டாரா இல்லியா? அப்ப மந்திரந்தான்" என்று சிரித்தார். இன்றைக்கு இருந்தால் எங்கள் குழுவில் முதலில் கைகூப்புகிறவர் அவராகத்தான் இருப்பார்.

அந்த இந்தி ஓசையும் தம்பியோடு போய்விட்டது. ரோஜாக்காரனிடம் நம்பிக்கை மூட்டை மூட்டையாக இருக்கிறது, விடிந்தால் ஒன்று அனுப்புகிறான். அதில் எதிலும் அந்த பீகார்க்காரரின் மூன்றாவது வரி இல்லை. எனக்குத் தெரிந்த கவிதை இரண்டே வரி. தினமும் கற்பூரம் காட்டியதும் அதைத் தமிழில் சொல்கிறேன். 'ஆனாலும்' என்கிறேன். அதோடு நின்றுவிடுகிறேன்.