மாடியில் பதினொரு பேர்

உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க இத்தனை நாடுகள் மெனக்கெடுவது வீண் வேலை. மாடம்பாக்கம் ரத்தினபாயை ஒரு பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினால் போதும். மதிய மணி அடிப்பதற்குள் மொத்த உலகத்தையும் தலை எண்ணி முடித்து, அதில் வரிசையில் இரண்டாவது தடவை வந்து நின்ற திருடர்கள் எத்தனை பேர், முட்டை பிடிக்காதவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். நிலாவில் யாராவது ஒளிந்திருந்தால் அவரையும் இறங்கி வரிசைக்கு வரச் சொல்வார்.

இந்தத் திறமை அவருக்கு வேங்கைவாசல் பக்கம் ஒரு பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் வந்தது. இருபத்தேழு வருடம் சத்துணவு அமைப்பாளர். காலையில் வகுப்பு வகுப்பாகப் போய்த் தலை எண்ணி, அதற்குத் தக்கபடி அரிசி அளந்து கொடுப்பது வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "நூத்தி நாப்பது புள்ளைங்களுக்குச் சோறு போட்டுட்டு, வீட்டுக்கு வந்து இன்னொருத்தனுக்கும் போடணுமா?" என்பார். எழுபது வயதில் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. கேளம்பாக்கத்தில் கம்பெனி வேலையில் இருக்கும் தம்பி மகன் சுகுமார், "மூணே மாசம் அத்தை, நடக்க ஆரம்பிச்சதும் கூட்டிட்டுப் போயிடறேன்" என்று பொன்மாலைச் சோலையில் கொண்டுவந்து விட்டான். அவர் நடக்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது.

பொன்மாலைச் சோலை என்பது வாடகைக்கு எடுத்த ஒரு மாடி வீடு. சோலை எங்கே என்று தேடினால் வாசலில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி இருக்கும். நடத்துகிறவர் ஜெயவேலு, முன்பு மனை விற்றவர். பன்னிரண்டு முதியவர்களை வைத்துக்கொள்ள அவருக்கு அனுமதி. அந்தப் பன்னிரண்டு பேர் கீழே. பதிவேட்டில் பெயர் உண்டு. மாடியில் பதினொரு பேர். அவர்கள் எந்தக் காகிதத்திலும் இல்லை. மாடிப்படி முடிகிற இடத்தில் இரும்பு கிரில் கேட், அதில் ஒரு பூட்டு. முன்னொரு காலத்தில் யாரோ ஒரு பெரியவர் இறங்கிப் போய்த் தாம்பரம் ஸ்டேஷனில் திருச்சி டிக்கெட் கேட்டுக்கொண்டு நின்றாராம், அன்றைக்குப் போட்டது. இருபத்து மூன்று பேருக்கும் சேர்த்து வேலைக்கு ஆள் ஒருத்திதான், ஜான்சி. சாவி அவள் இடுப்பில். அவள் எங்கே போகிறாளோ அங்கே சாவியும் போகும்.

மாடியில் ஒரு பகல் என்பது மிகவும் நீளம். விமானப்படைக்காரர்களின் பயிற்சி விமானம் தலைக்கு மேல் சுற்றும். ரத்தினபாய் அதை எண்ணுவார். கஞ்சி டம்ளரை எண்ணுவார். படுத்திருப்பவர்களின் மூச்சை எண்ணுவார், ஒன்று குறைந்தால் தெரியவேண்டும் என்பதற்காக. வாயைத் திறந்து பேசுகிற ஆள் அடுத்த கட்டில் ரோஸி மட்டும்தான். முப்பது வருடம் பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அதற்கும் சேர்த்து வாய் அசையும்.

"இன்னா டீச்சரு, ராத்திரி பூரா கொறட்ட வுட்டுக்கினே இருந்தியே, லாரி ஓட்டினியா கனவுல?"

"உன் வாய்க்குப் பயந்துதான் கண்ண மூடிக்கினேன்."

ரத்தினபாய்க்கு அந்த வசவு கஞ்சியைவிட முக்கியம். காலையில் அது வந்தால்தான் விடிந்த மாதிரி.

ஏப்ரலில் ஒரு மத்தியானம், மாடிப்படிக்கு அடியில் இருந்த இன்வெர்ட்டர் புகைந்தது. ஜான்சி மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். புகை படியேறி வந்து ஹாலில் நிரம்பியது. எழுந்து நடக்கக்கூடிய நாலு பேர் கேட்டைப் பிடித்து ஆட்டினார்கள். மற்றவர்கள் படுத்தபடியே இருமினார்கள். ரோஸி மட்டும், "டீச்சரு, நீ ஜன்னலாண்ட போ. என்ன வுடு, நா எங்கியும் ஓடப்போறதில்ல" என்றாள். வசவே இல்லாமல் அவள் பேசியது அன்றைக்குத்தான். ஜான்சி அழுதுகொண்டே ஓடிவந்து திறக்க இருபது நிமிடம் ஆயிற்று. யாரும் சாகவில்லை. அதனால் அது செய்தியும் ஆகவில்லை.

அன்றிலிருந்து ரத்தினபாய்க்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். அந்தப் பூட்டு போக வேண்டும்.

"ஜெயவேலு, அத எடுத்துடுப்பா. நான் காவல் உக்காந்துக்கறேன்."

"ஆன்ட்டி, உங்க சேஃப்டிக்குத்தான் பூட்டே போட்டிருக்கு."

ஆறு தடவை கேட்டார். ஆறு தடவையும் இதே பதில், ஒரு எழுத்துகூட மாறவில்லை.

யாராவது அதிகாரி வந்தால் சொல்லலாம் என்றால், அதிகாரி வருகிற நாளில் மாடிக்காரர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். வேன் வரும். "எல்லாரும் பிக்னிக் கிளம்புங்க" என்பார் ஜெயவேலு. போன முறை வண்டலூர் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், வேனுக்குள்ளேயே நாலு மணி நேரம். ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட். ரத்தினபாய்க்குச் சிரிப்புதான் வந்தது. அவருடைய பள்ளிக்கூடத்திலும் அதிகாரி வரும் நாளில் தில்லுமுல்லு உண்டு. "நாங்க பக்கத்து ஸ்கூல்ல புள்ளைங்கள இரவல் வாங்குவோம். இவன் கெழவிங்கள ஒளிக்கிறான்" என்றார் ரோஸியிடம்.

இந்த இல்லத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. பிறந்தநாள், திவசம் என்று வெளியாட்கள் வந்து சாப்பாடு போடுவார்கள். அன்றைக்குத் தலை நிறைய வேண்டும். மாடிக்காரர்களையும் கீழே இறக்கி உட்கார வைப்பார்கள். முன்பின் தெரியாத குழந்தைக்கு எல்லோரும் கைதட்டி ஹேப்பி பர்த்டே பாட வேண்டும். தங்கள் பிறந்தநாள் யாருக்கும் தெரியாதவர்கள், மாதம் ஏழெட்டு முறை பாடினார்கள்.

ஆக, விருந்து நாளில் இருபத்து மூன்று, ஆய்வு நாளில் பன்னிரண்டு. ஜெயவேலு இரண்டையும் ஒருபோதும் மோதவிட்டதில்லை. ஒரே ஒரு வெள்ளிக்கிழமை தவிர.

அன்று சத்யநாராயணன் என்ற ஓய்வுபெற்ற பேங்க்காரர், பேத்தி மிருதுளாவின் முதல் பிறந்தநாளுக்கு இருபத்து மூன்று சாப்பாடு சொல்லியிருந்தார். சமையல் கான்டிராக்டரின் ஆட்கள் வந்து இலை போட்டாகிவிட்டது. ரோஸியைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி இறக்கிய இரண்டு பேரில், சாம்பார் வாளிப் பையன்தான் இதை எழுதுகிறவன். அவனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறு ஒன்றுமில்லை. கேக் வெட்டுகிற நேரத்தில் ஜெயவேலுவுக்கு போன். திங்கட்கிழமை வரவேண்டிய ஆய்வு அதிகாரி தெருமுனைக்கு வந்துவிட்டார். ஜெயவேலு வேன்காரனைக் கூப்பிட்டார். அவன் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை நெரிசலில், முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நின்றுகொண்டிருந்தான்.

அதிகாரி வெற்றிவேல் உள்ளே வந்தார். பதிவேட்டைப் பார்த்தார். பந்தியைப் பார்த்தார்.

"பன்னெண்டு பேருன்னு போட்டிருக்கு?"

"மத்தவங்க பர்த்டேக்கு வந்த கெஸ்ட்டு சார்" என்றார் ஜெயவேலு.

அதிகாரி ரோஸியின் நாற்காலிக்குக் கீழே குனிந்து பார்த்தார். "கெஸ்ட்டு யூரின் பேக்கோடவா வந்திருக்காங்க?"

"ஆமா சார், மொய்யா எழுதலாம்னு கொண்டாந்தேன்" என்றாள் ரோஸி.

பந்தியே சிரித்தது. ரத்தினபாய் சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "இலைய எண்ணுங்க சார். பன்னெண்டு கீழ, பதினொண்ணு மேல. மேல இருக்கறவங்கள வெச்சுப் பூட்டிடறாங்க. வாங்க, காட்டறேன்." பதினெட்டுப் படிகள் ஏறினார், ஒவ்வொன்றிலும் நின்று நின்று. அதிகாரி பின்னாலேயே வந்தார். கேட்டைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், புகை படிந்த சுவரைப் பார்த்தார். ரத்தினபாயின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"பூட்டை உடனே எடுக்கணும். அனுமதிக்கு மேல ஒரு ஆள் இருக்கக்கூடாது. பத்து நாள் டைம்." அவ்வளவுதான். பாயசம் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார், போனார். பிறகு அவர் வரவே இல்லை.

பூட்டு அன்று மாலையே போயிற்று. ரத்தினபாய் கேட்டைத் திறந்து, மூடி, திறந்து பார்த்தார். ஒன்பதாம் நாள் வேன் வந்தது. "பிக்னிக்" என்றார் ஜெயவேலு. அதிகாரியின் காகிதத்தில் ரத்தினபாய் பெயர் இருந்ததால் அவர் மட்டும் போக வேண்டாம். அவரையும் சேர்த்தால் பதின்மூன்று ஆகிவிடும் என்று கீழே இருந்த பட்டாபிராமன் சாரை வேனில் ஏற்றினார்கள். ரோஸியைத் தூக்கும்போது, "என் சோப்பு டப்பாவ எவளாவது எட்த்தா உன்னதான் கேப்பேன், சோம்பேறி டீச்சரு" என்று கத்திக்கொண்டே போனாள்.

சாயங்காலம் ரத்தினபாய் கேட்டருகில் உட்கார்ந்து காத்திருந்தார். வேன் வரவில்லை. ஜெயவேலுவுக்குக் கூடுவாஞ்சேரியில் இன்னொரு வீடு இருக்கிறதாம், எல்லோரையும் அங்கே இறக்கிவிட்டார்களாம். இங்கே கணக்கு சரியாகிவிட்டது. ரத்தினபாயைக் கீழே மாற்றச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. பதினொரு கட்டிலில் பத்து காலி. ஜான்சி கஞ்சியை வைத்துவிட்டு இறங்கிவிடுவாள். கேட் அகலத் திறந்தே கிடக்கும். எண்ணுவதற்கு ஒரு மூச்சுதான் இருந்தது. அதை எண்ணப் பிடிக்கவில்லை.

அடுத்த விருந்துக்கு சாம்பார் வாளிப் பையன் வந்தபோது ரத்தினபாய் கேட்டார்: "உங்க ஓனரு கூடுவாஞ்சேரிக்கும் சமைப்பாரா? ரோஸியப் பாத்தா, ஏதாவது சொன்னாளான்னு கேட்டுட்டு வருவியா?"

"அதெல்லாம் டெய்லி போறதுமா" என்றான் அவன். பத்தாவதை இரண்டு தடவை கோட்டைவிட்டவன். இந்தப் பரீட்சையில் மட்டும் தோற்கக்கூடாது என்று நினைத்தான் போல. அடுத்தடுத்த விருந்துகளில் ரோஸி சொன்னதாக நாலு சீட்டு எழுதிக்கொண்டு வந்தான். ரத்தினபாய் ஒவ்வொன்றையும் வாங்கிப் படித்து, மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஐந்தாவதை நீட்டியபோது வாங்கவில்லை.

"நாலு சீட்டுலயும் ரோஸி நல்லா இருக்கா, நல்லா சாப்பிடறா, என்னையும் ஒடம்பப் பாத்துக்கச் சொல்றா."

"ஆமாம்மா, நல்லாத்தான் கீறாங்க."

"நாலுலயும் ஒரு திட்டு இல்ல. இது எந்த ஊரு ரோஸி?"

"சர்ச்லேர்ந்து ஃபாதர் வந்து போறாரும்மா. கொஞ்சம் திருந்திட்டாங்க..."

"நீ அங்க போனியா?"

"போனேன். அம்மா மேல சத்தியமா. ரெண்டு வாட்டி போனேன்."

"உள்ள போனியா?"

அவன் ஐந்தாவது சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அங்க கேட்டுல பூட்டு இருக்கா?"

எதைக் கேட்டாலும் அந்தப் பையன் வாயில் ஒரு பொய் தயாராக நிற்கும். அன்று வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான், பிறகு திரும்ப இந்தக் கைக்கு.

"வாளிய கீழ வெச்சிட்டுச் சொல்லு" என்றார் ரத்தினபாய்.