தோளுக்கு எட்டாத கன்று

நர்சரிக்குள் நுழைந்ததும் கனகராஜ் ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் போய் விறைப்பாக நின்று தன் தோளோடு அளந்து பார்த்தார். தோளுக்கு எட்டாதது எதுவும் அவரைப் பொறுத்தவரை மரமில்லை. கறுப்புப் பைகளில் முழங்கால் உயரம் நிற்கும் கன்றுகளைச் செருப்பு நுனியால் ஒதுக்கிவிட்டு, "இது என்னா லா, கீரையா?" என்றார்.

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் மோட்டார் சைக்கிள் சாமான் கடை வைத்திருப்பவருக்கு இந்த மேதாவித்தனம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதில் தயாராக இருக்கும். "எங்கப்பா தோட்டத்துக் கிராணி. நான் பொறந்ததே ரப்பர் காட்டுலதான்." கணக்கெழுதும் கிராணியோ ஆபீசை விட்டு வெயிலில் இறங்காதவர். மகன் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே ஈப்போவுக்கு வந்துவிட்டார். கனகராஜ் மண்வெட்டி பிடித்து இதுவரை யாரும் பார்த்ததில்லை.

இந்தமுறை விஷயம் பெரிது. அடுத்த மாதம் குனோங் ராபாட்டில் அவர் வீட்டிலேயே மகள் துளசிக்கு நிச்சயதார்த்தம். கமுந்திங்கிலிருந்து சம்பந்தி வீட்டார் வந்து இறங்கும்போது, பக்கத்து வீட்டு ராமையா குவித்து வைத்திருக்கும் பழைய இரும்பு அவர்கள் கண்ணில் படக்கூடாது. வேலியோரம் கன்று வைக்கச் சொல்லிப் போன வருஷமே மனைவி புனிதா தலைபாடாக அடித்துக்கொண்டாள். அப்போது தோளுக்கு எட்டும் கன்று கிடைக்கவில்லையாம்.

நர்சரிக்காரர் அப்பாவு ஆளை மிஞ்சிய நெட்டிலிங்கங்களைக் காட்டினார். தரையிலிருந்து தோண்டி, வேரைச் சுற்றிய மண்ணோடு சாக்கில் கட்டி வைத்தவை. கனகராஜுக்கு உடனே பிடித்துவிட்டது. ஆனால் அந்த மண்ணோடு அவருடைய வேனில் பாதிதான் ஏறும். இரண்டு நடை வந்து போக அவர் அந்தஸ்து இடம் கொடுக்கவில்லை.

"சாக்க அவுத்து மண்ண உதிர்த்துருங்க."

"செத்துரும்லா அண்ணே. மண்ணோட எடுத்துட்டுப் போங்க. இல்லாட்டி பையில உள்ள சின்னத வையுங்க."

"எனக்கா சொல்றே? தோட்டத்துல ரப்பர் கன்னு எப்படி வரும்? எலையும் இல்ல, மண்ணும் இல்ல. வெறகுக் கட்டு மாதிரி லோரியில வந்து எறங்கும். நட்டா வரலியா?"

ரப்பரும் நெட்டிலிங்கமும் ஒன்றா என்று மல்லுக்கட்ட நர்சரிக்காரருக்குப் பொறுமை இல்லை. உதிர்த்துக் கொடுத்துவிட்டார். வேனின் பின்கதவுக்கு வெளியே வேர்கள் வெயிலில் காய, கனகராஜ் நடுவழியில் கடையொன்றில் இறங்கி, ரொட்டி சானாய் சாப்பிட்டு, மரம் வாங்குவது எப்படி என்று அடுத்த மேசைக்காரர்களுக்கு வகுப்பெடுத்துவிட்டுத்தான் வீடு வந்து சேர்ந்தார்.

வேலியோரம் நட்டு இரண்டு வாரத்தில் இலையெல்லாம் கொட்டிவிட்டது.

"மண்ண பிடிக்குது. மொதல்ல இப்படித்தான் இருக்கும்," என்றார்.

புனிதா ஒரு கிளையைப் படக்கென்று ஒடித்துப் பார்த்தாள். "அடுப்புக்கு ஆவும்."

அவருக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் தண்ணீர்க் குழாயைக் கீழே வைக்கவில்லை.

நிச்சயத்தன்று சம்பந்தி, வரிசையாக நின்ற குச்சிகளையும் அவற்றின் ஊடே பளிச்சென்று தெரிந்த ராமையாவின் இரும்பையும் மாறி மாறிப் பார்த்தார். "இது என்ன மரம்ங்க?"

"நெட்டிலிங்கம். எல கொட்டிப் புதுசா வுடுற நேரம். உள்ள பச்சையா இருக்கும், பாருங்க," என்று கனகராஜ் கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே காய்ந்த பழுப்பு. சட்டென்று அதன்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, சும்மா சாய்ந்து நிற்பவரைப் போல நின்றார்.

வாசலில் எல்லோரும் படமெடுக்கக் கூடிவிட்டார்கள். "அப்பா, வாங்க!" என்று துளசி கூப்பிட்டாள்.

"நீங்க எடுங்கம்மா, வாரேன்," என்றவர் கையை எடுக்கவேயில்லை.