கதவு ஒழுகிய விமானம்

கேப்டன், நீங்கள் மேடையில் சொன்னது பொய். நான் அழவில்லை.

போன வாரம் என் காரின் கண்ணாடி ஓரத்தில் மழை ஒழுகுகிறதென்று ரப்பர் பசை வாங்கினேன். மூடியைத் திறந்ததும் அந்த வாடை. பழைய விமானத்தின் வாடை. அன்று சாயங்காலமே தோழி ஒருத்தி போனில் வீடியோ அனுப்பினாள். கேப்டனுக்குப் பாராட்டு விழா. "ஒரு பொண்ணு மேகத்துக்குள்ள பயந்து அழுதுட்டா. நான்தான் காப்பாத்திக் கொண்டாந்தேன்" என்கிறார். கைதட்டல் வேறு. அந்தப் பொண்ணு நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே போய், பயிற்சி கிளப்பில் விமானம் ஓட்டிய பைத்தியம் நான். தனியார் விமானி உரிமம் வாங்கியாகிவிட்டது. அடுத்தது, வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி. அதற்கான பயிற்சியில் குதிரைக்குக் கட்டுவது போல நெற்றியில் ஒரு மறைப்பு மாட்டுவார்கள். முன்னால் மாட்டியவரின் தேங்காயெண்ணெய் நாற்றம் இலவசம். தேர்வுக்குப் போக, கிளப்பில் எனக்குப் பயிற்சி கொடுத்த கேப்டனின் கையெழுத்து வேண்டும். அன்றைக்குப் பறந்து இறங்கியதும் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

ஐப்பசி மாதம். செங்கல்பட்டு ஏரியைத் தாண்டி மாமல்லபுரம் பக்கம் போனபோது, கடலிலிருந்து வந்த மேகத்துக்குள் மாட்டிக்கொண்டோம். கதவு இடுக்கில் மழை பீய்ச்சி என் முகத்தில் அடித்தது. கேப்டன் தன் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்துத் தானே ஓட்ட ஆரம்பித்தார். கண்ணாடிக்கு வெளியே பார்த்தே ஓட்டினார். வெளியே வெறும் வெள்ளை. கருவியில் இடது இறக்கை சாய்ந்துகொண்டே போனது. உயரம் இறங்கியது.

"நேராத்தாம்மா போறோம்."

"இல்ல சார், சாயுது. கைய எடுங்க."

எடுத்துவிட்டார். என் உடம்பும் நேர் என்றுதான் சொன்னது. நான் அதை நம்பவில்லை. இறக்கையை நிமிர்த்தினேன், மேலே ஏற்றினேன், மேற்கே திருப்பினேன். மறுபடி ஏரி தெரியும்வரை அவர் கை மடியில்தான் இருந்தது.

இறங்கியதும் மெக்கானிக் தாஸ் அண்ணன், "இன்னாம்மா, மூஞ்சியெல்லாம் தண்ணியா கீது? கதவு ஒழுவுதா?" என்று கேட்டார். அப்போதே ரப்பர் பசையை எடுத்துப் பூச உட்கார்ந்துவிட்டார். பக்கத்திலேயே நின்று கேப்டன் என் பதிவேட்டில் எழுதினார்: பதறுகிறார், தேர்வுக்குத் தகுதியில்லை. அதைப் படித்த பிறகு வேறு யாரும் எனக்குக் கையெழுத்துப் போடவில்லை. பறப்பதையே விட்டேன்.

அந்த விமானம் இல்லை. கிளப் இல்லை. தாஸ் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். மேலிருந்து பச்சையாகத் தெரிந்த வயலெல்லாம் அடுக்குமாடிகள். மிச்சம் நீங்களும் நானும் அந்தப் பதிவேடும்தான்.

கேப்டன், அதே மேடையில் ஏறி அதே மைக்கில் பதில் சொல்லுங்கள். மேகத்துக்குள் விமானம் யார் கையில் இருந்தது?